ஐஸ் தட்டுக்கு அடியில்

என் நாத்தனாரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுது சமாதானம் ஆனோம் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் எங்கள் மாதா கோயிலுக்கு எத்தனையோ பங்குச் சாமியார்கள் வந்து மாறிப் போயிருக்கிறார்கள். பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் மன்னித்துவிடு என்றுதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும் என்ன நடந்தது என்று கேட்டார். முழுக்கக் கேட்டும் அவர் மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் இதைப் பாவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுனாமியில் எங்கள் வீடு போனது. கடியப்பட்டணத்தில் கடலைப் பார்த்து இருந்த வீடு. நானும் மகளும் அன்று பூசைக்குப் போயிருந்ததால் பிழைத்தோம். என் கணவர் அப்போது வளைகுடாவில் படகு வேலையில் இருந்தார். அவருடைய அக்காள் வீடு கொஞ்சம் மேட்டில் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டு வளவில், சுவரோடு சாய்த்துத் தகரம் போட்ட ஒரு சாய்ப்பில் நாங்கள் குடியேறினோம். எல்லோரும் அவள் பெரிய மனசைப் புகழ்ந்தார்கள். நானும்தான் புகழ்ந்தேன், வேறு என்ன செய்வது.

அப்போது என் மகளுக்கு எட்டு வயது. சுனாமிக்கு முன்பே அவளுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பெரியவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு பாயசத்தையும் ஒரு கை பார்க்கிறார்களே, அந்தச் சுகர் இல்லை. இது பிள்ளைகளுக்கு வருவது. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும். காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் பிள்ளை உயிரோடு இருக்கும். ஊசி போட நான் ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொண்டேன். பால் போலக் கலங்கிய மருந்து, சின்னக் குப்பி. அதை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, கலக்கி, அளவு பார்த்து எடுக்க வேண்டும். குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குளிர்ச்சியான இடம் எங்களிடம் இல்லை. நாத்தனார் வீட்டில் பிரிட்ஜ் இருந்தது.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியுமுன்னே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, கருங்கல் ஊர்ச் சந்தைக்கு ஏற்றி விடுகிறவள். எவ்வளவு மீனுக்கு எவ்வளவு ஐஸ், எந்த மீனுக்கு அடியில் போட வேண்டும், எதற்கு மேலே போட வேண்டும் என்பதில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் பெட்டியில் போன சாளை மீன் கருங்கல்லில் இறங்கும்போதும் கண் மினுங்கும் என்பார்கள். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. எல்லாவற்றையும் ஐஸில் வைத்தால் கெடாது என்பது அவள் வேதம்.

முதலில் மருந்துக் குப்பி பிரிட்ஜின் கதவுத் தட்டில்தான் இருந்தது. நான் போய் எடுத்து, ஊசி போட்டு, திரும்பக் கொண்டு வைப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மைனி என்று கூப்பிட்டு, அவள் வரும்வரை நிற்க வேண்டும். உள்ளே இருந்துகொண்டே வரமாட்டாள். நேரம் போகும், பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கும். ஊசி போட்டால்தானே சோறு கொடுக்க முடியும். அப்படி நிற்கும்போது தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். எனக்கு உடம்பு கூசும்.

ஒரு நாள் அவளே வாசலுக்கு வந்து சொன்னாள்.

“ஏட்டி, ஒனக்க மருந்து வாடை எனக்க கொழம்புல பிடிக்கு. இனி நீ பிரிட்ஜைத் தொறக்காண்டாம். நானே எடுத்துத் தாறேன்.”

நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து நான் போகும்போது குப்பி வெளியே எடுத்து அடுப்பாங்கரைத் திண்டில் தயாராக இருக்கும். வாசலில் நிற்கிற வேலை மிச்சம். குப்பி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்தால் வேர்க்கத்தானே செய்யும். உள்ளே மருந்தில் பொடிப் பொடியாக வெள்ளையாய் ஏதோ கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு உருட்டினாலும் கரையாது. மருந்துக் கடையில் கேட்டேன். நல்லா உருட்டுங்க என்றார்கள். உருட்டினேன்.

பிள்ளை மெலிந்தது. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தது, படுக்கையை நனைத்தது. வழக்கமாய்க் காட்டும் டாக்டர் மருந்து அளவைக் கூட்டினார். கூட்டியும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள், ஆனால் பாயில்தான் படுத்திருந்தாள். அவள் வாயிலிருந்து அழுகத் தொடங்கிய வாழைப்பழ வாசனை வந்தது. கார் பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டு போனோம். நான், என் தம்பி, நாத்தனார். நாத்தனார் ஏன் வந்தாள் என்றால், வராவிட்டால் ஊர் பேசும்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். அந்தச் சின்ன மெஷினில் எண்ணே விழவில்லை. அது காட்டக்கூடிய அளவைத் தாண்டிப் போயிருந்தது சர்க்கரை. அப்படியே தூக்கிக்கொண்டு குழந்தைகள் ஐசியூவுக்குள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, ஊசி விட்டுப் போச்சா என்று கேட்டார். இல்லை, ஒரு நேரம்கூட விடவில்லை என்றேன். அப்போது எனக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது.

“ஊசி போட்டிருந்தா பிள்ளைக்கு இந்தக் கதி வருமா டாக்டரே? சுனாமிக்குப் பெறவு இவளுக்கு எதுலயும் கவனம் இல்ல.”

ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் என்னிடம் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அப்போதுதான் வைத்தியம் பார்க்க முடியும் என்றார். வராந்தாவில் இருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாமார் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டவள் என்ற பெயர் எனக்கு அந்த வராந்தாவில் விழுந்தது.

உள்ளே என்னை விட்டார்கள். பிள்ளையின் ஒரு கையில் டிரிப், இன்னொரு கையில் இன்சுலின் ஏறுகிற பம்ப். மணிக்கு மணி விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் எழுப்பி, பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ம்மா, வெள்ளம் தா. ஒரு மடக்கு வெள்ளம்.”

தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார்கள். வாந்தி நிற்கவில்லை, மயக்கமும் இருக்கிறது, புரையேறினால் ஆபத்து. வேண்டிய தண்ணீரை நரம்பு வழியே ஏற்றுகிறோம் என்றார் அங்கே இருந்த சிஸ்டர். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைக்க மட்டும் விட்டார். அந்தப் பஞ்சைப் பிள்ளை பல்லால் கடித்து உறிஞ்சப் பார்த்தது. வெளியே வராந்தாவில் என் நாத்தனார் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியே எனக்குத் தெரிந்தது. அந்தக் காப்பி டம்ளரைப் பிடுங்கி அவள் முகத்தில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. அப்போது அவள் செய்தது எதுவும் எனக்குத் தெரியாது. என் பேரைக் கெடுத்தாள் என்ற கோபம் மட்டும்தான்.

சர்க்கரையை ஒரே அடியாக இறக்கிவிடுங்களேன், ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாய் மருந்து ஏற்றுகிறீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் அலுக்காமல் சொன்னார்.

“ஒரேயடியா இறக்கப்பிடாதும்மா. வேகமா இறக்கினா மூளையில நீர் கோத்திரும். ஏறுனது எவ்வளவோ நாளா ஏறுனது. மெதுவாத்தான் இறக்கணும்.”

சாயங்காலம் ஆனபோது அவர் பயந்ததுதான் வந்தது. தலை வலிக்கிறது என்று சொன்ன பிள்ளை, அடுத்த தடவை எழுப்பினால் எழும்பவில்லை. பேர் கேட்டால் முனகியது. சிஸ்டர் ஓடினார், டாக்டரம்மா ஓடி வந்தார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார்கள், டிரிப்பின் வேகத்தைக் குறைத்தார்கள், மூளை வீக்கம் வடிய ஏதோ மருந்தை ஏற்றினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை, சுவரோடு ஒட்டி நின்றேன். எந்தச் சாமியையும் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. நான் ஊசி போட்டேன், நான் ஊசி போட்டேன் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை போய்விட்டால் அதை நம்ப இந்த உலகத்தில் ஒரு ஆள்கூட இருக்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

மருந்து ஏறிய பிறகு மகள் கண்ணைத் திறந்தாள். பேர் கேட்டார்கள், சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து வெள்ளம் என்றாள். நான் அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் காலையில் சர்க்கரை இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது சிஸ்டர் டிரிப் பாட்டிலை மாற்றினார். அது என்ன என்று கேட்டேன். குளுக்கோஸ் என்றார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சர்க்கரை கூடித்தானே சாகக் கிடக்கிறாள், அதையே ஏற்றுகிறீர்களா என்று கத்திவிட்டேன். கருங்கல் பக்கத்துக்காரர் அந்த சிஸ்டர், கோபப்படவில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது, ஆனால் அமிலம் இன்னும் போகவில்லை, அது போகும்வரை இன்சுலினை நிறுத்தக் கூடாது, சும்மா இன்சுலின் மட்டும் ஏற்றினால் சர்க்கரை அடியோடு போய்விடும், அதனால் இதையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டதற்கு நான் வீட்டில் போட்டுக்கொண்டிருந்த மருந்தின் பேரைச் சொன்னேன். அந்தக் குப்பியையே கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். டாக்டரம்மாவும் அதையே சொன்னார்.

என் தம்பி ஊருக்குப் போனான். நாத்தனார் ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவள் மகள்தான் குப்பியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சூடு பட்டுவிடக் கூடாது என்று தம்பி அதை எடுத்தபடியே ஐஸ் நிரப்பிய தெர்மாஸில் போட்டுக்கொண்டு வந்தான். அவனும் அந்தக் கரையில் பிறந்தவன்தானே. டாக்டரம்மா தெர்மாஸைத் திறந்து குப்பியை வெளியே எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. வெள்ளைக் கல்லாக உறைந்து கிடந்தது. இது எங்கே இருந்தது என்று கேட்டார்.

மேலே, ஐஸ் உறைகிற அறையில், ஐஸ் தட்டுக்கு அடியில் என்றான் தம்பி. மீனெல்லாம் அங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

டாக்டரம்மா குப்பியை மேசைமேல் வைத்தார். இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் செத்தது, பிறகு இளகினாலும் அதில் உயிர் இல்லை என்று சொன்னார். பிறகு என்னிடம் சொன்னது இது.

“நீங்க ஊசி போட்டிருக்கீங்கம்மா. மருந்துதான் போகலை.”

என் தோளில் கையை வைத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஆறுதல் இல்லை, செய்த ஆள். வராந்தாவுக்கு வந்தேன். நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திண்டில் தயாராக எடுத்து வைத்த குப்பி, சொட்டிய தண்ணீர், கரையாத பொடி, எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. நான் வருமுன் எடுத்து இளக வைத்து, நான் போனபிறகு திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறாள், நாள் தவறாமல்.

“மைனி, மருந்தை மேல வச்சியளா?”

“எனக்கு ஓர்மையில்ல.”

“ஐஸ் தட்டுக்க அடியில வச்சியளா, இல்லையா?”

“எனக்கு ஓர்மையில்லன்னு சொல்லியாச்சுல்லா ஏட்டி.”

ஞாபகமில்லையாம். ஆமாம், வைத்தேன், கெடாமல் இருக்கட்டும் என்று வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்து அழுது அதோடு விட்டிருப்பேன். தெரியாமல் செய்ததுதான், எனக்கும் தெரியும். அந்தக் கரையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் பிள்ளை எழும்பாமல் கிடந்தபோதும், நான் பொய் சொல்கிறேன் என்று டாக்டரம்மா நினைத்தபோதும், குப்பியை இடம் மாற்றியவள் அதே பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் வைத்தேன் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அதற்காக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருப்பேன் என்று அந்த வராந்தாவில் முடிவு செய்தேன்.

அதற்குள் அவள் தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, போன் போய்விட்டது. உன் பெண்டாட்டி பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டுவிட்டாள் என்று. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அவர் என்னிடம் பேசினார். நடந்ததைச் சொன்னேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. பிறகு, அக்கா அப்படிச் செய்யமாட்டா, இனியாவது கவனமாக இரு என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அந்தப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நானும் கெஞ்சவில்லை. அவள் சொல்லும் நாளில் இவர் தானாக நம்பத்தானே வேண்டும் என்று இருந்தேன்.

சுனாமிக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது. கதவுக்குப் பூட்டுப் போடும் முன்பே அவர் போன் செய்து, முதலில் பிரிட்ஜ் வாங்கு, பெரியதாக வாங்கு, இனி அக்கா வீட்டில் எதையும் கொண்டு வைக்க வேண்டாம் என்றார். மகள் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். குப்பியைக் கதவுத் தட்டில் வைத்தேன். மகள் தேறினாள், வளர்ந்தாள், ஊசியைத் தானே போடக் கற்றாள். நாத்தனாரோடு நான் பேச்சை நிறுத்தவில்லை. பேச்சை நிறுத்தினால் அவளுக்கு நிம்மதி. கல்யாணம், புதுநன்மை விருந்து, கோட்டாறு திருவிழா என்று எங்கே பார்த்தாலும் முகத்துக்கு நேரே போய் நின்று, சுகமா மைனி, ஓர்மையெல்லாம் எப்படி இருக்கு என்று கேட்பேன். அவள் பார்வையைத் திருப்புவாள். அது எனக்குப் போதாது, ஆனால் ருசித்தது.

பிறகு அவளுக்கே சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருவதுதான். மாத்திரையை ஒழுங்காய்ப் போடவில்லை. காலில் புண் வந்து ஆறவில்லை, கண் மங்கியது. இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மகள் கல்யாணமாகிக் கருங்கல்லுக்குப் போய்விட்டாள். சிரிஞ்சில் அளவு பார்க்க அவளுக்குக் கண் தெரியாது. பக்கத்தில் ஊசி போடத் தெரிந்தவள் நான்தான். ஒரு நாள் காலையில் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். என் வீட்டில் மீன் வாடை, பிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பேன், மருந்து உன் வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. குப்பியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் வாசலில் வந்து நிற்பாள். நான் உள்ளே இருந்துகொண்டே போகமாட்டேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று விடுவேன். அவளும் பசியோடுதான் நிற்பாள். பிறகு கதவைத் திறந்து, குப்பியை எடுத்து, அவள் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக உருட்டுவேன். ஊசி போடும்போது வலிக்காமல்தான் போடுவேன். என் கைக்கு அந்தத் தொழில் தெரியும், அதில் நான் குறை வைப்பதில்லை.

ஒவ்வொரு தடவையும், ஊசி ஏறுமுன், அவள் ஒரு கேள்வி கேட்பாள்.

“ஏட்டி, மேல வைக்கேல்லியே?”

நான் பதில் சொல்லமாட்டேன். குப்பி கதவுத் தட்டில்தான் இருந்தது, ஒரு நாளும் இடம் மாறவில்லை. ஆனால் அதை நான் அவளுக்குச் சொன்னதில்லை. பேசாமல் ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சைக் கொடுப்பேன். அவள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என் முகத்தையே பார்ப்பாள். மங்கிய கண்ணால் என்ன தெரியும். உள்ளே போனது மருந்தா வெறும் தண்ணீரா என்று தெரியாமலே அடுத்த ஊசிவரை இருக்க வேண்டும். போட்ட மருந்து ஏன் கேட்கவில்லை என்ற பயத்தில் நான் எத்தனை நாள் இருந்தேன்! ஓர்மையில்லாதவளுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

நிஜமாகவே மேலே வைத்துவிட நினைத்த நாளும் உண்டு. ஒரு ஞானஸ்நான விருந்தில், சுகர்காரிப் பிள்ளையை எவன் கட்டுவான் என்று அவள் யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து குப்பியைக் கையில் எடுத்தேன், மேல் அறையின் கதவைத் திறந்தேன். குளிர்ப்புகை முகத்தில் அடித்தது. அப்படியே நின்றேன். கடவுளுக்குப் பயந்து நான் நிறுத்தவில்லை. இவள் செத்துப்போனால் அந்த வாக்கியத்தை யார் சொல்வது? குப்பியைத் திரும்பக் கதவுத் தட்டிலேயே வைத்தேன்.

மகள் பிளஸ் டூ முடித்து வெளியூரில் படிக்கப் புறப்படுகிற வாரம். அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தபோது அவள் முன்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்காளை எங்கள் பக்கம் மாமி என்றுதான் கூப்பிடுவோம். நாத்தனார் வழக்கம் போலக் கேட்டாள், நான் வழக்கம் போல வாயை மூடிக்கொண்டேன். மகள் துணியை மடித்தபடியே சொன்னாள்.

“கதவுத் தட்டுலதான் இருக்கு மாமி. என்னைக்கும் அங்கதான் இருந்திருக்கு. பயப்படாண்டாம்.”

 எப்படியோ ஊசியைப் போட்டு அவளை அனுப்பினேன். பிறகு மகளைப் பிடித்துக்கொண்டேன். இது எனக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு, நடுவில் வர நீ யார் என்று கத்தினேன். இத்தனை வருஷமாக நான் கட்டிக் காத்ததை ஒரு நொடியில் தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்றேன். அவள் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“வெள்ளம் கேட்டுக் கெடந்தது நானாக்கும்மா.”

 அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் நாத்தனார் வந்தாள். அன்று அவள் கேள்வி கேட்கவில்லை. ஊசி போட்டேன், பஞ்சைக் கொடுத்தேன். போகாமல் நின்றாள்.

“நான்தான் வச்சேன், ஏட்டி. ஐஸ் தட்டுக்க அடியில. டாக்டர் அந்தக் குப்பிய கவுத்துப் பாக்குறத கண்ணாடி வழியா கண்டப்பமே எனக்கு விளங்கிட்டு. சொன்னா நீ என்னக் கொன்னுருவேன்னு பயந்தேன்.”

நான் காத்திருந்த வாக்கியம். அது வரும்போது நான் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் போனை வாங்கினேன். என் கணவரின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் முன்னால் நீட்டினேன். உங்க தம்பிக்கிட்ட சொல்லுங்க என்றேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். என்னிடம் சொன்னதைவிட முழுசாகவே சொன்னாள். உன் பெண்டாட்டி ஊசி போடத்தான் செய்தாள், நான்தான் பொய் சொன்னேன் என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பழைய அதே சத்தமில்லாமை. பிறகு அவர் குரல் வந்தது.

“எனக்கு அது அப்பமே தெரியும்க்கா. அவ சொன்ன அன்னைக்கே தெரியும். நீ அழாத.”

நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலும் அது புதிதுதான். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. பழைய கதை, அதை விடு, அவளிடம் ஒன்றும் கேட்காதே என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் போனை அணைத்தேன். அக்காள் செய்தது தெரிந்துதான் பெரிய பிரிட்ஜாக வாங்கச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

நாத்தனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவளை வாசலில் நிற்க வைப்பதில்லை, அதற்கு எனக்கு நேரமில்லை. அவர் வேலையை முடித்துக்கொண்டு இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரோடு வந்துவிடுகிறார். டிக்கெட் எடுத்தாயிற்று. வரட்டும். அவர் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் அடுப்பாங்கரையில்தான் நிற்கிறது. அதன் முன்னால் அவரை நிறுத்தி வைத்துத்தான் கேட்பேன்.